கிழக்கு ஜெர்மனி மெடலெல்லாம் மருந்தால வந்ததுதானா? அங்க உள்ளவங்க ஏன் இன்னும் அந்தக் காலத்தைப் பாசமா பேசறாங்க?

நீங்க கேட்டது மேலோட்டமா பார்த்தா மெடல் கணக்கு மாதிரி இருக்கு. ஒன்னே முக்கால் கோடி பேர் கூட இல்லாத கிழக்கு ஜெர்மனி எப்படி ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்காவை முந்துச்சு, எல்லாம் ஊக்கமருந்துதானா, அப்படின்னா அங்க பிறந்து வளர்ந்தவங்க இன்னும் ஏன் அந்தக் காலத்தைப் பாசமா பேசறாங்க, வெட்கமா இருக்காதான்னு கேட்டிருக்கீங்க. முதல் ரெண்டுக்கும் ஆவணம் இருக்கு, பதில் சொல்லிடலாம். மூணாவதுதான் நீங்க உண்மையில தெரிஞ்சுக்க நினைக்கிறதுன்னு எனக்குத் தோணுது, அதாவது ஒரு நாடு பெரிய தப்பு பண்ணுச்சுன்னு நிரூபணம் ஆன பிறகு, அந்த நாட்டுக்குள்ள வாழ்ந்த வாழ்க்கையை மக்கள் என்ன பண்றது? ஆனா முதல் ரெண்டையும் சரியா சொல்லாம இதுக்குப் போனா பேச்சு ஒன்னு வெறும் திட்டா முடியும், இல்ல வெறும் ஏக்கமா முடியும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

நான் லைப்சிக்ல ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் படிச்சவன், பல வருஷமா சாக்சனி மாநிலத்துலயே பசங்களுக்கு நீச்சல் கோச்சா இருக்கேன். என்கூட வேலை பார்த்த மூத்த கோச்சுங்க நிறைய பேர் அந்தப் பழைய அமைப்புல படிச்சு வந்தவங்க. அவங்ககிட்ட கேட்டது, ஆவணத்துல படிச்சது, ரெண்டையும் வச்சுதான் சொல்றேன். நான் வரலாற்று ஆய்வாளர் கிடையாது, டாக்டரும் கிடையாது. அதனால எது உறுதி, எது இன்னும் விவாதத்துல இருக்குங்கறதை அங்கங்க பிரிச்சே சொல்றேன்.

முதல்ல, அவ்வளவு சின்ன நாடு விளையாட்டுக்கு ஏன் அவ்வளவு செலவு பண்ணுச்சு? 1949 அக்டோபர் 7ல ஆரம்பிச்சு 1990 அக்டோபர் 3ல முடிஞ்ச நாடு அது. அதுல பாதிக்கும் மேலான வருஷம் அந்த நாட்டுத் தலைவர்களோட பெரிய கவலை, நம்மளை யாரும் தனி நாடா மதிக்கலையேங்கறதுதான். மேற்கு ஜெர்மனியோட உறவு கெட்டுடும்னு பயந்து பல நாடுகள் கிழக்கை அங்கீகரிக்கவே இல்ல, இந்தியாவே 1972 அக்டோபர்லதான் அங்கீகரிச்சுச்சு. 1956, 60, 64 ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு ஜெர்மனியும் ஒரே டீமா போகவேண்டியிருந்துச்சு. 1968 மெக்ஸிகோல தனி டீம், ஆனா கொடியும் கீதமும் ரெண்டு பேருக்கும் பொது, ஜெயிச்சா பீத்தோவன் இசைதான். 1972ல மியூனிக்ல, அதாவது மேற்கு ஜெர்மனி மண்ணுலயே, கோடை ஒலிம்பிக்ஸ்ல முதல் தடவையா சுத்தியலும் காம்பஸும் போட்ட தன்னோட கொடியை ஏத்தி தன்னோட கீதத்தைப் பாட விட்டாங்க. 20 தங்கம், மேற்கு ஜெர்மனிக்கு 13. தூதரகம் திறக்க முடியாத ஊர்லயும் அத்லெட் போய் கொடியை ஏத்திட்டு வருவான்ங்கற கணக்கு அது, விளையாட்டு வீரர்களை டிராக்சூட் போட்ட தூதர்கள்னே சொன்னாங்க.

அதுக்கப்புறம் ஏறுமுகம்தான். 1976 மான்ட்ரியல்ல 40 தங்கம், அமெரிக்காவுக்கு 34. 1980 மாஸ்கோல 47, ஆனா அமெரிக்காவும் மேற்கு ஜெர்மனியும் வராத போட்டி அது. 1984ல சரயேவோ குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல தங்கக் கணக்குல முதல் இடம். 1988 சோல்ல கிட்டத்தட்ட எல்லாரும் வந்த போட்டியில 37 தங்கம், அமெரிக்காவை விட ஒன்னு அதிகம், ரெண்டாவது இடம். இந்த நம்பர்ல எல்லாம் சந்தேகம் எதுவும் இல்ல.

இதை எப்படி சாதிச்சாங்கங்கறதுல பாதிக் கதை மருந்தே இல்லாத கதை, அதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா வெளியில உள்ளவங்க இதை அப்படியே தாண்டிப் போயிடறாங்க. 1973ல இருந்து நாடு முழுக்க ஒரே மாதிரி தேர்வு முறை இருந்துச்சு. பள்ளிக்கூடத்துக்கே வந்து குழந்தைங்களோட உயரம், எடை, ஓட்டம், எறிதல், தாண்டுதல் எல்லாத்தையும் அளந்து எழுதுவாங்க, அப்பா அம்மா எவ்வளவு உயரம்னு பார்த்து இந்தப் பிள்ளை எவ்வளவு வளரும்னு கணக்குப் போடுவாங்க. ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல்னா ரொம்பச் சின்ன வயசுலயே எடுப்பாங்க, துடுப்புப் படகுக்கு நெட்டையா வளரப்போற பிள்ளைங்களை கொஞ்சம் பிந்தி எடுப்பாங்க. ஸ்பார்டகியாடுன்னு பள்ளிப் பசங்களுக்கு மாவட்டம், தேசம்னு படிப்படியா போட்டி. அதுல தேறினவங்களுக்கு ஹாஸ்டலோட தனி விளையாட்டுப் பள்ளிக்கூடம், நாட்டுல சுமார் 25 இருந்துச்சு. பாடமும் பயிற்சியும் ஒரே டைம்டேபிள்ல, போட்டி சீசன்ல பரீட்சையைத் தள்ளி வைப்பாங்க. கோச்சு ஆகணும்னா லைப்சிக்ல 1950ல தொடங்கின உடற்பயிற்சிக் கல்லூரியில முழுசா டிகிரி படிச்சிருக்கணும், உடலியங்கியல்ல இருந்து மனோதத்துவம் வரைக்கும்.

இன்னொன்னு, எல்லா விளையாட்டுலயும் காசைப் போடல. 1969ல உட்கார்ந்து கணக்குப் போட்டாங்க. ஒரு கூடைப்பந்து டீம் முழுசும் உழைச்சா ஒரு மெடல், ஆனா நீச்சல்ல ஒரே பிள்ளை நாலு மெடல் வாங்கலாம். அதனால கூடைப்பந்து, டென்னிஸ், வாட்டர் போலோ எல்லாத்துக்கும் ஆதரவை வெட்டிட்டாங்க. ஐஸ் ஹாக்கியில டைனமோ பெர்லின், டைனமோ வைஸ்வாஸர்னு ரெண்டே டீம் மிஞ்சுச்சு, அந்த ரெண்டு டீமும் வருஷா வருஷம் தங்களுக்குள்ளயே ஆடி தேசிய சாம்பியன் யாருன்னு முடிவு பண்ணாங்க. மறுபக்கம் துடுப்புப் படகுல கொட்டினாங்க, 1980ல மொத்தம் 14 தங்கத்துல 11 அவங்களுக்கு. பெர்லின்ல படகு, சைக்கிள், பாப்ஸ்லெட் செய்யறதுக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் வச்சாங்க, அது இன்னிக்கும் ஒன்றிணைஞ்ச ஜெர்மனிக்கு வேலை செய்யுது. பெர்லினுக்குக் கிழக்க கீன்பாம்ங்கற இடத்துல பூமிக்கடியில ஒரு பெரிய அறை கட்டி, காத்தழுத்தத்தைக் குறைச்சு, மலை மேல பயிற்சி பண்ற மாதிரி பண்ணாங்க. மலைக்குப் போக வெளிநாட்டுப் பணம் வேணும், அது அவங்ககிட்ட கம்மி, அதனால மலையை கீழயே கொண்டுவந்தாங்க.

எங்க கிளப்ல ஒரு மூத்த கோச் தன்னோட பழைய பயிற்சி நோட்டுகளை வச்சிருந்தாங்க, அட்டை எல்லாம் மங்கிப் போயிருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், காலையில எழுந்ததும் நாடித்துடிப்பு, எத்தனை மீட்டர் நீந்தினா, எந்த வேகம், ரத்தத்துல லாக்டேட் (தசை கடுமையா உழைக்கும்போது சேர்ற பொருள்) எவ்வளவு, தூக்கம் எப்படி, மூட் எப்படி, எல்லாம் பென்சில்ல பொடிப்பொடியா. ஒரு கோச்சா சொல்றேன், அந்த நோட்டைப் பார்த்து நான் நிறைய கத்துக்கிட்டேன், இன்னிக்கு ஆப்ல நாங்க பண்றதெல்லாம் அதுல அப்பவே இருக்கு. அதுல மாத்திரைக்கு மட்டும் கட்டம் கிடையாது.

இப்போ அந்த மாத்திரை. ஓரல் டூரினபால்னு ஒரு ஸ்டீராய்டு, யேனா ஊர்ல யேனாஃபார்ம்ங்கற அரசு மருந்துக் கம்பெனி செஞ்சது, சின்னதா நீலக் கலர் மாத்திரை. ஆண் ஹார்மோனோட செயற்கை வடிவம்னு வச்சுக்கங்க. அறுபதுகள்லயே எறியற போட்டிகள்ல கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. 1974ல ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியும் அரசும் சேர்ந்து அதை ஒரு ரகசியத் திட்டமாவே ஆக்கி, 14.25ன்னு நம்பர் போட்டு, விளையாட்டு மருத்துவ சேவை மூலமா, யாருக்கு எவ்வளவு மில்லிகிராம், எந்த வாரத்துல நிறுத்தணும்னு மேலே இருந்து பிளான் போட்டுக் கொடுத்தாங்க. பெரியவங்களுக்கு மட்டும் இல்ல. பதிமூணு பதினாலு வயசுப் பெண் பிள்ளைங்களுக்கு வைட்டமின்னு சொல்லி, கோச்சோ டாக்டரோ கையில கொடுத்து, அவங்க முன்னாடியே முழுங்க வச்சாங்க. வீட்டுல சொல்லக்கூடாதுன்னு கட்டளை, பெத்தவங்களுக்கு எதுவும் தெரியாது. பல பேர் இதை நீதிமன்றத்துலயே சாட்சியா சொல்லியிருக்காங்க.

நீச்சல்ல இதோட தடம் அப்படியே தெரியும். 1972 மியூனிக்ல கிழக்கு ஜெர்மனிப் பெண்களுக்கு நீச்சல்ல ஒரு தங்கம் கூட இல்ல. அடுத்த வருஷம் பெல்கிரேட் உலகப் போட்டியில 14ல 10 தங்கம், அப்போ மெல்லிசான புது நீச்சல் உடைதான் காரணம்னு பேசிக்கிட்டாங்க. 1976 மான்ட்ரியல்ல 13ல 11. கொர்னேலியா எண்டர்னு 17 வயசுப் பொண்ணு நாலு தங்கம். அவங்ககிட்ட தோத்த அமெரிக்க வீராங்கனை ஷர்லி பாபஷாஃப் அங்கேயே வெளிப்படையா சந்தேகத்தைச் சொன்னாங்க, தோல்வியைத் தாங்கத் தெரியாதவள்னு பத்திரிகைக்காரங்க அவங்களைக் கேவலப்படுத்துனாங்க. அவங்க சந்தேகப்பட்டது சரிதான்னு ஊர் ஒத்துக்க கிட்டத்தட்ட பதினஞ்சு வருஷம் ஆச்சு.

எப்படி மாட்டாம இருந்தாங்கன்னு அடுத்து கேப்பீங்க. 1977ல இலோனா ஸ்லூபியானெக்ங்கற குண்டெறியும் வீராங்கனை ஹெல்சின்கில மாட்டினாங்க. அதுக்கப்புறம் டிரெஸ்டன் பக்கத்துல கிரைஷாங்கற ஊர்ல இருந்த லேப்ல, வெளிநாடு போற ஒவ்வொருத்தரையும் கிளம்பறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணாங்க. உடம்புல மருந்து மிச்சம் இருந்தா திடீர்னு அவங்களுக்கு காயம், காய்ச்சல்னு அறிவிச்சு வீட்டுலயே நிறுத்திடுவாங்க. மருந்தைப் பிடிக்கறதுக்குன்னு ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரம் கொடுத்த லேப் அது, அதையே மருந்தை மறைக்கப் பயன்படுத்தினாங்க.

இதெல்லாம் வெளிய வந்தது ரெண்டு பேரோட பிடிவாதத்தால. பிரிகிட்டே பெரண்டோங்க், கிழக்குல இருந்து சின்ன வயசுல தப்பிச்சுப் போன வட்டெறியும் வீராங்கனை. அவங்க கணவர் வெர்னர் ஃப்ராங்கே, மூலக்கூறு உயிரியல் பேராசிரியர். பெர்லின் சுவர் விழுந்த பிறகு பாட் சாரோவ்ல இருந்த ராணுவ மருத்துவ நிறுவனத்துல ரகசிய ஆய்வறிக்கைகள் அழிஞ்சு போறதுக்குள்ள கைப்பத்தினாங்க. அதுல பேரோட, டோஸோட எழுதி வச்சிருந்தாங்க. 1991ல புத்தகமா வந்துச்சு, அதுக்கப்புறம் யாரும் மறுக்க முடியல. 2000ல பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் தலைவர் மான்ஃப்ரெட் ஏவால்டையும், திட்டத்தை நடத்தின டாக்டர் மான்ஃப்ரெட் ஹோப்னரையும் உடல் ஊறு விளைவிக்க உடந்தைன்னு குற்றவாளியாக்குச்சு. 22 மாசம், 18 மாசம், ரெண்டுமே நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை, ஜெயிலுக்குப் போகல. அது போதாதுங்கறதுதான் பாதிக்கப்பட்டவங்க கருத்து, என் கருத்தும் அதுதான்.

பாதிப்புன்னா என்னன்னு சும்மா சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. ரீகா ரைனிஷ் 1980ல 15 வயசுல மூணு தங்கம் வாங்கினவங்க, கர்ப்பப்பை பக்கம் வந்த பிரச்சனையால பதினேழு வயசு வாக்குல நீச்சலையே விட்டுட்டாங்க. 1986ல ஐரோப்பிய குண்டெறிதல் சாம்பியன் ஹைடி க்ரீகர், பின்னாடி ஆணா மாறி இப்போ ஆண்ட்ரியாஸ் க்ரீகர்னு வாழறார். ஆணா இருக்கறதுல அவருக்கு வருத்தம் இல்ல, நான் யாருங்கறதை நானே கண்டுபிடிக்க விடாம அவங்க முடிவு பண்ணிட்டாங்கங்கறதுதான் அவரோட கோபம். மத்தவங்களுக்கு கல்லீரல், இதயம், குரல் மாறிப்போறது, கருச்சிதைவு, மன அழுத்தம்னு நீளும். 2016ல வந்த ரெண்டாவது நிவாரணச் சட்டப்படி ஒருத்தருக்கு 10,500 யூரோ, அதுவும் ஒரே ஒரு தடவை.

சரி, எது உறுதி, எது இல்ல? அரசே திட்டம் போட்டு நடத்துச்சு, பிள்ளைங்களுக்குத் தெரியாம கொடுத்தாங்க, மருத்துவர்களுக்கு ஆபத்து தெரியும், உளவுத்துறை ஸ்டாசி இதைக் காவல் காத்துச்சு, இது நாலும் ஆவணத்தோட உறுதி. எத்தனை பேர்ங்கறது மதிப்பீடுதான், பத்தாயிரம்ங்கற நம்பர் அடிக்கடி வரும், 15,000 வரைக்கும் சொல்றவங்க உண்டு, முழுப் பட்டியல்னு ஒன்னு கிடையாது. ஒவ்வொரு அத்லெட்டுக்கும் எவ்வளவு தெரிஞ்சிருந்துச்சுங்கறதும் ஆளுக்கு ஆள் மாறும், பெரியவங்க பல பேருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும், 14 வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி. மரீட்டா கோக் 1985ல கான்பெராவுல ஓடின 400 மீட்டர், 47.60 செகண்ட், இன்னும் உலக சாதனை. அவங்க டெஸ்ட்ல மாட்டினதே இல்ல, தப்பு பண்ணலைன்னுதான் சொல்றாங்க, ஆனா பெரண்டோங்க் வெளியிட்ட ஆவணத்துல அவங்க பேரும் டோஸும் இருக்கு. நீங்களே முடிவு பண்ணிக்கங்க. இந்த மெடல்ல எத்தனை பங்கு பயிற்சி, எத்தனை பங்கு மருந்துன்னு கேட்டா, அதைப் பிரிச்சு அளக்க இன்னிக்கு எந்த வழியும் இல்ல. பெண்கள் போட்டியில மருந்தோட பங்கு ரொம்ப அதிகம்ங்கற வரைக்கும் சொல்லலாம், ஏன்னா அந்த உடம்புக்கு அந்த ஹார்மோன் கொடுத்தா வர்ற மாற்றம் பெருசு.

நிறைய பேர் இங்க ஒரு சமாதானம் சொல்வாங்க, நல்ல பயிற்சி முறை ஒரு பக்கம், கெட்ட மருந்து ஒரு பக்கம், மருந்தை எடுத்துட்டா மிச்சம் பொன்னுன்னு. நான் அதை ஏத்துக்கறதில்ல. பிள்ளையை ஏழு வயசுல அளந்து, வீட்டுல இருந்து பிரிச்சு, எப்ப எவ்வளவு வேகம் வரணும்னு மேல இருந்து டார்கெட் போட்டு, அந்த டார்கெட் வரலைன்னா கோச்சோட வேலைக்கே ஆபத்துங்கற நிலைமையில, அந்த மாத்திரை வெளியில இருந்து வந்து ஒட்டிக்கிட்ட விஷயம் இல்ல. மெடலுக்கு உதவாத பிள்ளையை ஒரு நாள்ல ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்கு அனுப்பின அதே மனசுதான் மாத்திரையும் கொடுத்துச்சு. லாக்டேட் அளக்கறதை நான் இன்னிக்கும் பண்றேன், பிள்ளையோட ரிப்போர்ட்டை அம்மா அப்பாகிட்ட காட்டாம ஒன்னும் பண்றதில்ல.

இதைச் சொல்லும்போது மேற்கு ஜெர்மனி சுத்தம்னு நினைச்சுடாதீங்க. 2013ல பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுல, மேற்குலயும் அரசுப் பணத்துல ஸ்டீராய்டு ஆராய்ச்சி நடந்துச்சு, ஃப்ரைபர்க் டாக்டர்களுக்குப் பங்கு இருந்துச்சுன்னு வந்துச்சு. 1987ல பிர்கிட் ட்ரெஸல்ங்கற மேற்கு ஜெர்மனி ஹெப்டாத்லான் வீராங்கனை எக்கச்சக்க மருந்துக்கப்புறம் 26 வயசுல இறந்தாங்க. கிழக்குல உள்ளவங்களுக்கு இதுல ஒரு நியாயமான வருத்தம் உண்டு, எங்க அழுக்கை மட்டும் ஊர் பூரா காய வச்சீங்களேன்னு. ஆனா கட்டாயப்படுத்தி, தெரியாம, குழந்தைங்களுக்கு, நாடே சேர்ந்து செஞ்சதுங்கற விஷயத்துல ரெண்டும் சமம் இல்ல.

இப்போ உங்க மூணாவது கேள்விக்கு வரேன். அவங்க பாசமா பேசறது பெரும்பாலும் அந்த அரசைப் பத்தி இல்ல, அவங்க சொந்த வாழ்க்கையைப் பத்தி. சாயங்காலம் டிவியில வந்து குழந்தைங்களைத் தூங்கச் சொல்ற ஸாண்ட்மென்ஷன் பொம்மை 1959 நவம்பர்ல ஆரம்பிச்சது, நாடு போயும் அது போகல, இன்னிக்கும் ஓடுது, மேற்குல இருந்த இன்னொரு ஸாண்ட்மானைத்தான் நிறுத்திட்டாங்க. ட்ராபான்ட் கார் வாங்க பத்து வருஷத்துக்கு மேல காத்திருந்தது, தோட்டத்துக் குடிசையில கோடை கழிச்சது, பால்டிக் கடற்கரை, ஃபேக்டரியோட ஒட்டின குழந்தைகள் காப்பகம். பெண்கள்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் வேலைக்கோ படிப்புக்கோ போனாங்க. பல அம்மாக்களுக்கு 1990க்கு அப்புறம் அந்த வேலை போச்சு, ஃபேக்டரிகளை விக்கவோ மூடவோ பண்ணிட்டாங்க, ரெண்டு மூணு வருஷத்துல ஊர் ஊரா வேலையில்லாம நின்னாங்க. அப்படி நின்னவங்ககிட்ட மேற்குல இருந்து வந்தவன் உன் நாப்பது வருஷம் வெறும் பொய்னு சொன்னா, அவங்க அந்தக் காலத்துல இருந்த நல்லதைத்தான் தேடி எடுத்து வச்சுப்பாங்க. அந்த ஏக்கத்துல பாதி, தொண்ணூறுகள்ல பட்ட அவமானத்துக்குக் கொடுக்கிற பதில்னு நான் நினைக்கிறேன். சுவரைத் திரும்பக் கட்டுங்கன்னு கேக்கற ஆள் யாரையும் நான் இங்க பார்த்ததில்ல.

விளையாட்டு நினைவும் மெடல் மேடை மட்டும் கிடையாது. வயசானவங்ககிட்ட கேளுங்க, வார்சா, பெர்லின், ப்ராக் வழியா வருஷா வருஷம் மே மாசம் போன அமைதிப் பந்தய சைக்கிள் ரேஸைத்தான் முதல்ல சொல்வாங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க எல்லாம் ரோட்டோரம் வந்து நிப்பாங்க. அதுல ரெண்டு தடவை ஜெயிச்ச டேவே ஷூர்தான் நாட்டோட செல்லப்பிள்ளை. 1960ல சாக்சன்ரிங்ல உலக சாம்பியன்ஷிப், மூணாவது தடவை தொடர்ந்து ஜெயிக்க வாய்ப்பு இருந்தும், எதிராளி பெல்ஜியக்காரன் தன்னையே கவனிச்சுட்டு இருக்கான்னு தெரிஞ்சு, கூட்டாளி பெர்ன்ஹார்ட் எக்ஸ்டைனை முன்னாடி போக விட்டு அவரை ஜெயிக்க வச்சார். அந்த ஒரு நிமிஷத்தை இங்க பாட்டி தாத்தாக்கள் கண்ணு கலங்கச் சொல்றதைக் கேட்டிருக்கேன். அதே டேவே, பின்னாடி டோப்பிங் விஷயத்தை ரொம்ப சாதாரணமா பேசினதால, 2017ல ஜெர்மன் விளையாட்டுப் புகழ் அரங்கத்துல அவரைச் சேர்க்க மறுத்துட்டாங்க. எனக்கு அந்த முடிவு சரின்னுதான் படுது, ஆனா அன்னிக்கு என் கிளப்புல பாதிப்பேர் கோபப்பட்டதும் எனக்குப் புரியுது. அதே பந்தயத்தோட இன்னொரு முகமும் இருக்கு, 1986 மே 6ல கீவ்ல தொடங்குச்சு, செர்னோபில் வெடிச்சு பத்தே நாள், மேற்கு நாட்டு டீம்கள் பெரும்பாலும் வரல, கிழக்கு ஜெர்மனிப் பசங்களை அனுப்பினாங்க.

ஃபுட்பால்ல 1974 ஜூன் 22, ஹாம்பர்க், உலகக் கோப்பையில ரெண்டு ஜெர்மனியும் மோதின ஒரே மேட்ச், 77வது நிமிஷம் யூர்கன் ஷ்பார்வாஸர் அடிச்ச கோல், 1-0. என் கல்லறையில ஹாம்பர்க் 74ன்னு எழுதினாப் போதும், உள்ள யார்னு எல்லாருக்கும் தெரியும்னு அவரே சொல்லியிருக்கார். அவரே 1988ல மேற்குக்குப் போயிட்டார். உள்ளூர் லீக்ல ஸ்டாசி தலைவர் மில்கேவோட செல்ல டீம் பிஎஃப்சி டைனமோ 1979ல இருந்து 88 வரை தொடர்ந்து பத்து தடவை சாம்பியன், நடுவர்கள் மேல அப்பவே ஜனங்க காறித் துப்பினாங்க. அதே பெர்லின்ல யூனியன்னு ஒரு ஏழை டீம், எதிர் டீம் ஃப்ரீ கிக்குக்குச் சுவர் மாதிரி நின்னா, "சுவர் போகணும்"னு ஸ்டேடியமே கத்துமாம். 2008ல அந்த ஸ்டேடியம் இடியற நிலைமைக்கு வந்தப்போ 2,000 பேருக்கு மேல ரசிகர்களே சம்பளம் வாங்காம வந்து கட்டினாங்க, 2019ல ஜெர்மனியோட முதல் தர லீக்கான பண்டஸ்லீகாவுக்கே வந்துட்டாங்க.

நீச்சல்காரனா எனக்கு ரொம்ப நெருக்கமான கதை ஆக்ஸல் மிட்பவர். லைப்சிக்காரர், 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தேசிய சாம்பியன். ஓடிப்போகப் பார்க்கறான்னு சந்தேகப்பட்டு உள்ள வச்சு, போட்டியில நீந்தவும் தடை போட்டாங்க. 1969 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி, 19 வயசுல, உடம்பு பூரா வாஸலின் தடவிக்கிட்டு போல்டன்ஹாகன் கடற்கரையில தண்ணியில இறங்கினார், சர்ச் லைட் படாத இடைவெளியைக் கணக்குப் பண்ணி. இருபது கிலோமீட்டருக்கு மேல நீந்தி ஒரு மிதவையில ஏறி உட்கார்ந்தார், காலையில அந்த வழியா வந்த மேற்கு ஜெர்மனிக் கப்பல் தூக்கிட்டுப் போச்சு. அந்த நாடு கத்துக்கொடுத்த நீச்சலை வச்சுத்தான் அந்த நாட்டை விட்டே போனார். இதையும் சேர்த்து வச்சாத்தான் அந்த நாட்டோட நீச்சல் வரலாறு முழுசாகும்.

நம்ம ஆளுங்களுக்கும் இதுல ஒரு நேரடித் தொடர்பு இருக்கு, பல பேருக்குத் தெரியறதில்ல. எண்பதுகள்ல ஈழத்துல இருந்து தப்பிச்ச தமிழர்கள் நிறைய பேர் வந்து இறங்கினது கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்துலதான். டிரான்சிட் விசாவோட வந்து, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ஸ்டேஷன்ல ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குப் போய் தஞ்சம் கேட்டாங்க. அதை எல்லைன்னே ஒத்துக்காததால மேற்கு அந்தப் பக்கம் பாஸ்போர்ட் செக் வைக்கல. தன் ஜனங்க போனா சுடுற நாடு, நம்ம ஆளுங்களுக்கு வழி விட்டுச்சு, அதுல அவங்களுக்கு அரசியல் லாபமும் விமான டிக்கெட் காசும் இருந்துச்சு. 1986 அக்டோபர்ல மேற்கு கொடுத்த அழுத்தத்துல அந்தக் கதவு மூடிச்சு. ஜெர்மனியில இருக்கற வயசான தமிழர்கள் சிலருக்கு கிழக்கு ஜெர்மனின்னா இந்த ரயில் ஸ்டேஷன்தான் நினைவு.

கடைசியா, அந்தப் பழைய சாதனைகளை எல்லாம் அழிச்சுடணுமான்னும் நீங்க ஒரு வரி எழுதியிருந்தீங்க. 2017ல ஐரோப்பிய தடகள அமைப்பு 2005க்கு முன்னாடி உள்ள சாதனைகளைப் புதுசா ஆரம்பிக்கலாம்னு யோசனை சொன்னாங்க, சுத்தமா ஓடினவங்களும் அடிபடுவாங்கன்னு எதிர்ப்பு வந்து அது நடக்கல. மொத்தமா அழிக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல, அழிச்சா தப்பு பண்ணின அதிகாரிங்களோட தடமும் சேர்ந்து போயிடும். ஆனா சம்பந்தப்பட்டவங்களே கேட்டா எடுத்துடணும். இனெஸ் கைபல்னு யேனா கிளப்போட ஓட்ட வீராங்கனை, 4x100 ரிலேல 1984ல போட்ட ஜெர்மன் கிளப் சாதனையில இருந்து தன் பேரை எடுக்கச் சொல்லிப் போராடி வாங்கினாங்க, இப்போ அந்த இடத்துல மூணு பேரும் ஒரு நட்சத்திரக் குறியும்தான் இருக்கும். மத்த மூணு பேரும் கேக்கல, அவங்க பேர் அப்படியே இருக்கு. நீங்க லைப்சிக் பக்கம் வந்தீங்கன்னா ஸ்டாசியோட பழைய மாவட்ட அலுவலகத்துல இருக்கற ரூண்ட எக்கே மியூசியத்துக்கும், பக்கத்துலயே இருக்கற சமகால வரலாற்று மியூசியத்துக்கும் ரெண்டுக்குமே போங்க, ஒன்னு அரசு செஞ்சதைக் காட்டும், இன்னொன்னுல ஜனங்க வாழ்ந்ததும் கிடைக்கும், ஒரே நாள்ல ரெண்டையும் பார்த்துடலாம்.